கோனிக் பண்டிதரும் புல்லுருவியும்

காவிரி நாட்டின் கடைமடையிலே, அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்தது காரைக்கால். மாங்கனியோடு பிரிவின்றி இணைந்தது இவ்வூரின் பெயர். அம்மையார் வரலாற்றை நினைந்து ஆண்டுதோறும் ஆனித் திங்களில் இங்கு மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. இவ்வூரைச் சூழ்ந்த தோப்புக்களில் மாமரத்தின் கிளைகளை அண்ணாந்து நோக்குவார் கண்ணுக்கு மாவிலையின் நிறத்தினின்று சற்றே வேறுபட்ட ஒரு பசும்புதர் புலனாகும். மரம் தழை உதிர்த்து வாடும் காலத்தும் அப்புதர் தழைத்தே நிற்கும். அதன் பெயர் புல்லுருவி. யாழ்ப்பாணத்தார் அதனைக் குருவிச்சை என்பர். தோப்புக்காரர் அதனைக் கண்டவுடன் அரிவாளை நாடுவர். அது மரத்தின் பகை என்பதே அவர்தம் முடிபு.

பகையென்று வெட்டி எறியப்படும் இச்செடியைக் கையிலேந்தி, அதன் பூவைப் பிரித்து, இதழை எண்ணி, காயை அறுத்து நோக்கிய அறிஞரும் இந்நாட்டில் வாழ்ந்தனர். லின்னேயஸ் என்னும் பேரறிஞர் வகுத்த முறைவழியே இந்திய நாட்டுச் செடிகளை முதன்முதல் ஆராய்ந்தவர் காரைக்காலுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில் வைத்தியராக இருந்தவர். அவர் பெயர் யோகான் கெரார்டு கோனிக். செடிகளைத் தொகுத்தவர் அவர். நூல்களை எழுதிப் புகழ் கொண்டவர் பிறர். அவ்வுழைப்பின் வரலாற்றைப் புல்லுருவி என்னும் ஒரு செடியின் துணைகொண்டு சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோனிக் 1728-ஆம் ஆண்டில், பால்டிக் கடலை அடுத்த லிவோனியா நாட்டில் பிறந்தார். இளமையில் மருந்துக் கடைத் தொழில் பயின்றார். அக்காலத்தில் மருந்து என்பது பெரும்பாலும் வேரும் பட்டையும் இலையுமேயாதலின், மருந்து செய்வோன் செடியை அறிந்தே தீரவேண்டும். ஒரு செடிக்கு மற்றொன்றைப் பிழைபடக் கொண்டால் நோயாளியின் உயிர் போகும். இவ்வறிவைப் பெருக்கிக்கொள்ளும் வேட்கை அவரை ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகருக்கு ஈர்த்தது. ஆங்கே 1757-ஆம் ஆண்டில் லின்னேயஸின் மாணவரானார்.

லின்னேயஸ் செய்த புரட்சி இன்னதென இவ்விடத்துச் சுருக்கமாகக் கூறல் வேண்டும். அவருக்கு முன்னர் ஒரு செடியின் பெயர் ஒரு நீண்ட வாக்கியமாக இருந்தது. அவர் 1753-இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்களால் பெயர் வைத்தார். முதற்சொல் குலத்தைக் குறிக்கும். இரண்டாஞ்சொல் அக்குலத்துள் தனி இனத்தைக் குறிக்கும். மேலும், இலையின் தோற்றத்தைக் கண்டு மயங்காது, பூவின் உறுப்புக்களாகிய கேசரங்களையும் சூலகத்தையும் எண்ணியே செடிகளை வகுக்கவேண்டும் என்று கற்பித்தார். இலை நிலத்தாலும் நீராலும் வெயிலாலும் மாறும். பூவின் அமைப்போ எளிதில் மாறாது. இவ்வுண்மை கோனிக்கின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

பின்னர் அவர் டென்மார்க் சென்றார். டேனிய அரசர் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் செடிகளையெல்லாம் படமெழுதி வெளியிட விரும்பிய காலம் அது. அப்பணியின் பொருட்டுக் கோனிக் 1765-இல் ஐஸ்லாந்துத் தீவின் குளிர்நிலங்களில் அலைந்தார். ஆங்கு அவர் கண்டெடுத்த ஒரு சிறு செடிக்கு 1767-இல் லின்னேயஸ் கோனிகியா என்று தம் மாணவரின் பெயரையே சூட்டினார். விரலளவும் உயராத எளிய பூண்டு அது. எனினும் ஆசிரியர் கையால் கிடைத்த அப்பெயர் அவருக்கு ஒரு பட்டத்தினும் பெரிதாயிற்று.

1768-ஆம் ஆண்டில் கோனிக் தரங்கம்பாடியை அடைந்தார். டேனியர் தஞ்சை மன்னரிடமிருந்து 1620-இல் உரிமை பெற்றுக் கோட்டை கட்டிய துறை அது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அவர்கள் ஆட்சியிலேயே இருந்தது. சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் 1706-இல் வந்திறங்கி மிஷன் பணியைத் தொடங்கியதும் அங்கேயே. அவர்களைத் தொடர்ந்து வந்த கிருண்ட்லர் ஐயர் 1711-இலேயே தமிழரின் வைத்திய முறையைக் குறித்து ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். எனவே, கோனிக் வந்த இடம் செடியறிவு முன்னமே முளைத்த நிலமாம். தமிழ் வைத்தியர் பலநூறு ஆண்டுகளாக அச்செடிகளைப் பெயரிட்டு, குணங்கண்டு, பயன்படுத்தி வந்தனர். ஐரோப்பிய அறிஞர் கண்டுபிடித்தார் என்று நூல்கள் கூறும் இடங்களில், முன்னரே அறிந்து கைகாட்டியவர் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மிஷன் வைத்தியராக வந்த கோனிக், நோயாளிகளைக் கவனித்து எஞ்சிய நேரமெல்லாம் செடிகளை நாடித் திரிந்தார். நெய்தல் நிலத்து உப்பங்கழி, ஆற்றங்கரை, கோயிற்புறத் தோப்பு, வயல் வரப்பு ஆகிய எதனையும் அவர் விட்டாரில்லை. செடியை வேரோடும் பூவோடும் காயோடும் பறித்துத் தாளிடை வைத்து அமுக்கி உலர்த்திக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மழைக்காலத்தில் தாள் பூசணம் பிடிக்கும். வெயிற்காலத்தில் செல் அரிக்கும். கப்பல் பல திங்கள் செல்லும். இத்தனையும் கடந்து உப்சாலாவைச் சேர்ந்த தாள்களைக் கொண்டே அங்குள்ளோர் சோழமண்டலக் கரையின் செடிகளை அறிந்தனர்.

இம்முறையில் ஆராய்வார்க்குப் புல்லுருவி ஓர் அரும்புதிர். அதன் இலை ஒரே செடியிலும் பலவாறு இருக்கும். அகன்றும், குறுகியும், அரிவாள்போல் வளைந்தும் தோன்றும். ஆதலின் இலையை நம்பினால் ஓரினம் பத்தினமாகத் தோன்றும். பூவோ தெளிவானது. நீண்ட குழல்வடிவாய், செம்மஞ்சள் நிறம் பெற்று, நுனியில் ஐந்து மடல்களாகப் பிரியும். மடலுக்கு ஒன்றாகக் கேசரம் ஐந்து. சூலகம் அடியில் புதைந்திருக்கும். முதிர்ந்த அரும்பைத் தேன்சிட்டோ பூக்கொத்தியோ அலகால் தொட்டவுடன் அது வெடித்து விரிந்து, பறவையின் தலையில் மகரந்தத்தைத் தூவும்.

காயின் செய்தி இன்னும் வியப்புடையது. பழத்தின் உள்ளே விதையைச் சுற்றிப் பசைபோன்ற பொருள் உளது. பூக்கொத்திக் குருவி பழத்தை விழுங்கும். விதை சிறிது நேரத்தில் எச்சத்தோடு வெளிப்படும். பசை விடாமையால் குருவி தன் உடலைக் கிளையில் தேய்த்தே அதனை நீக்கவேண்டும். அவ்வாறு தேய்த்த இடத்திலேயே விதை ஒட்டிக்கொள்ளும். மண்ணைக் காணாமலே முளைக்கும் விதை அது. முளையின் நுனி கிளையைத் தொட்டதும் தட்டையாகி அழுந்தி, பட்டையைத் துளைத்து மரத்தின் நீர்க்குழாய்களோடு இணையும். இவ்வுறிஞ்சு வேர் ஒன்றோடு நில்லாது, கிளையின்மீது வேறு வேர்களும் ஊர்ந்து சென்று ஆங்காங்கே மீண்டும் உட்புகும்.

இங்ஙனம் புகுந்த செடி தாய்மரத்தினின்று நீரையும் தாதுப்பொருள்களையும் கொள்ளும். உணவையோ தன் பச்சிலையால் வெயிலின் துணைகொண்டு பெரிதும் தானே சமைத்துக்கொள்ளும். ஆதலின் தாவர நூலார் இதனை முழு ஒட்டுண்ணி என்னாது அரை ஒட்டுண்ணி என்பர். எனினும் கோடையில் மரத்துக்கே நீர் போதாதபோதும் இது தடையின்றி உறிஞ்சுவதால், புல்லுருவி மிகுந்த கிளை நுனியிலிருந்து பட்டுப்போகும். காய்ப்புக் குறையும். உழவர் சினம் காரணமற்றதன்று.

இனி, இச்செடி உலக நூலில் பெயர் பெற்ற வரலாற்றைக் காண்போம். லின்னேயஸ் 1778-இல் காலமானார். அவருடைய மகன், தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புக்களையும் உலகின் பல திசைகளிலிருந்து வந்த தாள்களையும் ஒருங்குசேர்த்து ஒரு துணைநூல் தொகுத்தார். ஆப்பிரிக்கத் தென்முனையிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் துன்பர்க்கும், தென்னமெரிக்காவிலிருந்து மூட்டிஸும், இந்தியாவிலிருந்து கோனிக்கும் அனுப்பியவை அந்நூலுக்கு ஆதாரமாயின. 1781 என்னும் ஆண்டு பொறித்து, 1782-இல் வெளிவந்த அந்நூலில் நம் புல்லுருவி லொராந்தஸ் பல்காட்டஸ் என்ற பெயருடன் இடம்பெற்றது. பல்காட்டஸ் என்பதற்கு அரிவாள் வடிவினது என்று பொருள். அறுவடை நாட்டுச் செடிக்கு அரிவாளின் பெயர் அமைந்தது பொருத்தமேயாம்.

ஆனால் அப்பெயர் நெடுங்காலம் வழங்கவில்லை. சில ஆண்டுகட்குப்பின் பிரான்சு தேசத்து லமார்க்கின் கலைக்களஞ்சியத்தில் அதே செடி நீண்ட பூவுடையது என்னும் பொருள்பட வேறொரு பெயருடன் எழுதப்பட்டது. அப்பின்னைப் பெயரே செல்வாக்குப் பெற்றது. 1886-இல் வெளிவந்த ஹூக்கரின் இந்தியச் செடிநூற் பகுதியிலும் அதுவே ஆளப்பட்டது. முன்வைத்த பெயரே முறைப்பெயர் என்னும் சட்டம் உறுதிப்பட்ட பின்னரே, அரிவாட்பெயர் மீண்டும் தன் உரிமையை எய்தியது.

குலப்பெயரும் நிலைத்து நிற்கவில்லை. கோனிக் காலத்தில் பெரும்பூவுடைய புல்லுருவிகள் ஏறத்தாழ எல்லாமே லொராந்தஸ் என்னும் ஒரே குலத்துள் அடைக்கப்பட்டன. பின்வந்தோர் பூவின் அமைப்பை மேலும் நுணுகி நோக்கி அக்குலத்தைப் பிரித்தனர். 1830-இல் மார்ட்டியஸ் என்பார் டெண்ட்ரோப்தே என்னும் புதுக்குலத்தை நிறுவினார். மரத்தின் க்ஷயம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். 1872-இல் எட்டிங்ஸ்ஹௌசன் என்பவர் இலைகளின் நரம்பமைப்பை ஆராயும்போது நம் செடியை அக்குலத்தில் சேர்த்து டெண்ட்ரோப்தே பல்காட்டா என்றார். கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில் டச்சு அறிஞர் டான்சர் கீழ்த்திசைப் புல்லுருவிகளை மறுபடியும் ஒழுங்குபடுத்தியபின் இப்பிரிவு உறுதியாயிற்று. இன்று வழங்கும் பெயரும் அதுவே.

அன்றியும், சிறுபூவுடைய மற்றொரு வகைப் புல்லுருவியாகிய விஸ்கம், முன்னர் இதனோடு ஒரே குடும்பமாகக் கருதப்பட்டது. இன்று வேறு குடும்பமெனப் பிரிக்கப்படுகின்றது. அவ்வகையுள் ஓரினம் மாமரத்தை விடுத்துப் புல்லுருவியின் மீதே புல்லுருவியாய் வளரும். இவையெல்லாம் சந்தனத்தோடு ஒரே பெருவரிசையில் அடங்குவன. நறுமணச் சந்தனமும் அயல்மரங்களின் வேரிலிருந்து உறிஞ்சி வளரும் அரை ஒட்டுண்ணியே என்பதை அறிவார், புல்லுருவியை மட்டும் இழித்துரைக்க நாணுவர்.

மீண்டும் கோனிக்கின் வாழ்க்கைக்கு வருவோம். மிஷன் தந்த சிறு ஊதியம் அவருடைய யாத்திரைகட்குப் போதவில்லை. ஆதலின் 1774-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் கீழ் இயற்கைப்பொருள் ஆராய்வாளராக அமர்ந்தார். 1778-இல் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் பணியில் ஏற்றது. வாணிகத்துக்குப் பயன்படும் செடிகளையும் கனிப்பொருள்களையும் தேடுமாறு அவர் சயாமுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டார். 1780 வரை நீண்ட அப்பயணத்தில் அவர் நாட்குறிப்பு எழுதி வந்தார். இலங்கைக்கும் சென்றார். செல்லைப்பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளியாயிற்று. தம் தாள்களை அரித்த பகைவனையும் அவர் வெறுக்காது ஆராய்ந்தார் என்பது அதனால் விளங்கும்.

இத்துணை உழைத்தும் அவர் தம் பெயரால் ஒரு பெருநூல் வெளியிட்டாரில்லை. இஞ்சி, மஞ்சள் முதலிய செடிகளைக் குறித்து அவர் எழுதிய விளக்கங்களை ஸ்வீடன் அறிஞர் ரெட்சியஸ் 1783-இல் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். ஆர்க்கிட் என்னும் செடிகளைப்பற்றி அவர் எழுதியவை அவர் இறந்தபின் 1791-இல் அவ்வாறே வெளிவந்தன. நூலெழுதும் ஓய்வு அவருக்குக் கிட்டவில்லை. அடுத்த செடியே எப்போதும் அவரை அழைத்துக்கொண்டிருந்தது. இது குணமா குறையா என்று வழக்கிடலாம். எழுதாதவன் அறிவு அவனோடே மாயும் அபாயம் உண்டன்றோ? கோனிக்கின் அறிவு மாயாமைக்குக் காரணம், அவர் தம் சரக்கைப் பூட்டி வையாது கேட்டார்க்கெல்லாம் கொடுத்தமையே.

1785-ஆம் ஆண்டில் அவர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் வைத்தியரோடு அளவளாவினார். பின்னர்க் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் சீதபேதியால் வீழ்ந்தார். அருகிலிருந்த சாமல்கோட்டையில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் ஓடிவந்து பேணினார். எனினும் பயனில்லை. அவ்வாண்டு ஜூன் 26-ஆம் நாள் கோனிக் உயிர்நீத்தார். வயது ஐம்பத்தாறு. இந்தியாவுக்கு வந்தபின் அவர் ஐரோப்பாவை மறுமுறை கண்டதில்லை. தம் கையெழுத்துப் படிகளை லண்டனிலிருந்த ஜோசப் பாங்க்ஸ் பிரபுவுக்கு எழுதிவைத்தார்.

அவர் வகித்த கம்பெனிப் பதவி முதலில் ரஸ்ஸலுக்கும் பின்னர் ராக்ஸ்பர்க்குக்கும் சென்றது. அவருள் ராக்ஸ்பர்க் 1795 முதல் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பெரும்படங்களோடு வெளியிட்டு இந்தியத் தாவர நூலின் தந்தை எனப் புகழ்பெற்றார். தரங்கம்பாடியிலும் அவர் மூட்டிய தீ அவியவில்லை. 1776-இல் அங்கு வந்த ரொட்லர் ஐயர் செடித்தாள்களைத் தொகுத்து ஐரோப்பிய அறிஞர்க்கு வழங்கினார். தமிழ் பயிலும் நாம் நன்கறிந்த ரொட்லர் அகராதியின் ஆசிரியரும் அவரே; 1834-இல் அச்சேறத் தொடங்கிய அவ்வகராதி, 1836-இல் அவர் மறைந்தபின் 1841-இல் நிறைவுற்றது. செடிக்குப் பெயர் காண்பதும் சொல்லுக்குப் பொருள் காண்பதும் ஒரே மனத்தின் இரு செயல்கள் போலும்! அவ்வட்டத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹைனே திரட்டிய செடிகளைக் கொண்டு ரோத் என்பவர் 1821-இல் எழுதிய நூலில் மேலும் சில புல்லுருவி இனங்கள் பெயர் பெற்றன.

ஆராய்ச்சி அங்ஙனமும் முடிந்ததன்று. அலகாபாதிலுள்ள யூவிங் கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்ற பஞ்சானன் மகேஸ்வரி, தில்லிப் பல்கலைக்கழகத்தில் தம் துணைவரோடு இக்குடும்பத்தின் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1957-இல் வெளியிட்டார். மற்றச் செடிகளில் மகரந்தக் குழாய் சூலைத் தேடிக் கீழிறங்கும். புல்லுருவிகளிலோ கருப்பையே நீண்டு வளர்ந்து பூத்தண்டினுள் மேலேறி அதனை எதிர்கொள்ளும். கோனிக் தம் கைக்கண்ணாடியால் காணமுடியாத அந்த நுட்பம், அவர் தொடங்கிய நோக்கின் நீட்சியே.

இன்று அறிஞர் புல்லுருவியை வேறொரு கண்கொண்டும் காண்கின்றனர். தேன்சிட்டுக்கு அது தேன், பூக்கொத்திக்குப் பழம், யேசபேல் அரசியின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கும் வண்ணப் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அதன் இலையே உணவு. தோப்பில் மிகுந்தால் கேடு. காட்டில் அளவோடிருந்தால் பல உயிர்க்கு உறையுள். எனவே, அரிவாளுக்கு முன்னர்க் கண் செல்லவேண்டும் என்பதே இச்செடி நமக்குக் கற்பிப்பது.

மாணவ நண்பர்காள்! ஒட்டுண்ணி பிறர் சாற்றால் வாழும். கோனிக்கோ தம் சாற்றைப் பிறர் நூல்கட்கு வழங்கி வாழ்ந்தார். லின்னேயஸின் மகன் நூலும், ரெட்சியஸின் நூலும் அவருடைய உழைப்பை உண்டு தழைத்த கிளைகள். அவற்றின் ஆசிரியராக அவர் பெயர் இல்லை. அதுபோலவே அவருக்குச் செடிகாட்டிய தமிழ் வைத்தியர், கூடைசுமந்த ஏவலர், மரமேறிப் புல்லுருவி ஒடித்துத் தந்த சிறுவர் ஆகியோர் பெயர் அவருடைய தாள்களிலும் காணப்பெறவில்லை. அறிவு என்னும் மரத்துக்கு இத்தகைய மறைந்த வேர்கள் பல. கனியைக் கொள்வோர் அவ்வேர்களையும் எண்ணுதல் கடனாம்.

எனினும் கோனிக்கின் பெயர் முற்றும் மறைந்துவிடவில்லை. தரங்கம்பாடியிலிருந்து அவருடைய செடிகள் சென்ற அக்காலத்திலேயே, 1771-இல், லின்னேயஸ் மற்றொரு செடிக்கு இனப்பெயராகத் தம் மாணவரின் பெயரைக் கோனிகி என்று வைத்தார். குலப்பெயர் இடையில் மாறினும் அவ்வினப்பெயர் மாறவேயில்லை. அச்செடி எங்கோ மலையுச்சியில் உள்ளதன்று. காரைக்காலிலும் தரங்கம்பாடியிலும் வீட்டுக் கொல்லைதோறும் நிற்பது. நாள்தோறும் தாளிப்பில் மணப்பது. உண்போர் ஓரத்தில் ஒதுக்கி வைப்பது. கறிவேப்பிலையே அது.